அழுகிற குழந்தையும் 14-பி கிழவரும்

போன செவ்வாய்க்கிழமை காலை, பெங்களூரிலிருந்து புனே போகும் விமானத்தில் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முன்வரிசைக்காரர். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, மடியில் லேப்டாப். எனக்கு இடப்பக்கம் ஜன்னலோரத்தில் என் பேரன் ஜோயல் — இரண்டரை வயது — தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தான். அவர் குழந்தையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பார்வை எனக்கு அத்துபடி. பல வருஷங்களாக நான் மற்றவர்களைப் பார்த்த பார்வைதான் அது. மாதா கோயிலில் பூசை நேரத்தில் சிணுங்கும் குழந்தைகள், பஸ்ஸில் ஜன்னலைத் தட்டும் குழந்தைகள், கல்யாண மண்டபத்தில் நாற்காலிகளுக்கு நடுவே ஓடும் குழந்தைகள்... ஒருவரையும் விட்டதில்லை. இப்போது அது எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

வரட்டும். அதற்காகத்தானே அந்த 14-பி சீட்டில் உட்கார்ந்தேன்?

இந்தப் பகுதியைத் தவறாமல் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். சில மாதங்களுக்கு முன் டெல்லியிலிருந்து திரும்பியபோது விமானத்தில் ஒரு குழந்தை வழிநெடுக அழுததைப் பற்றி எழுதினேன். 'இரண்டரை மணி நேரக் கச்சேரி' என்று பெயர் வேறு வைத்திருந்தேன். இப்படிப்பட்ட குழந்தைகளைப் பெட்டிகளோடு சேர்த்துக் கீழே அனுப்பிவிடலாம், இறங்கியதும் பெல்ட்டில் சுற்றி வரும்போது பெற்றோர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனையும் சொல்லியிருந்தேன். ஏகப்பட்ட பாராட்டு. "என் மனசுல இருந்ததை அப்படியே எழுதிட்டீங்க சார்" என்று ஒரு வாசகர் போன் செய்தார். அந்தச் சந்தோஷத்தில் அன்று காலை இரண்டு காபி குடித்தேன்.

அந்தக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு.

அந்தக் குழந்தையின் தாயிடம் நான் ஆங்கிலத்தில் சொன்னேன் — குழந்தையை அடக்கத் தெரியாதவர்கள் ரயிலில் போகலாமே என்று. அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பின்னால் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், இறங்க நேரமாகும்வரை நின்றுகொண்டே வந்தார். நான் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்தேன்.

ஏன் எழுதவில்லை? எழுதினால் நகைச்சுவை கெட்டுவிடும் என்று தெரிந்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

என் மகள் அனிதா புனேயில் வேலை பார்க்கிறாள். வருஷா வருஷம் மாம்பழ சீசனில் ஓசூருக்கு வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போவாள். இந்த முறை மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அவளும் ஜோயலும் மட்டும் வந்தார்கள். பெங்களூர் விமான நிலையத்தில் நான் காத்திருந்தேன். பேரன் அவள் தோளில் தூங்கிக்கொண்டே வெளியே வந்தான்.

"சத்தமே போடலியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நம்ம ரத்தம் ஆச்சே!

காரில் தூங்கினான். அத்திப்பள்ளி டோல்கேட்டில் லாரிகள் காது கிழிய ஹாரன் அடித்தபோதும் தூங்கினான். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ரோஸ்லின் அவனைக் கையில் வாங்கினாள். முகத்தில் தண்ணீரைத் தொட்டு வைத்தாள். கை தொங்கியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஏங்க, இவன் எந்திரிக்கவே மாட்டேங்குறானே" என்றாள். அப்புறம் மகள் பக்கம் திரும்பி, "ஏன்டி, புள்ளைக்கு என்னா குடுத்த?"

அனிதா என்னைப் பார்க்காமல் அம்மாவிடமே சொன்னாள். சளி மருந்து கொடுத்திருக்கிறாள். சளி இல்லை. அது தூக்கம் வரவழைக்கும் என்று கூட வேலை செய்பவர் யாரோ சொல்லியிருக்கிறார். ஒரு தடவை கொடுத்தும் தூங்கவில்லை என்று இன்னொரு தடவை.

"அறிவிருக்கா உனக்கு" என்று நான்தான் ஆரம்பித்தேன். அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்க கட்டுரைய நீங்கதானப்பா ஃபேமிலி குரூப்ல போட்டீங்க? படிச்சேன். அந்தம்மா எடத்துல நான் இருந்தா என்னா பண்ணுவேன்னு யோசிச்சேன். அதான் குடுத்தேன்."

நான் அதை குரூப்பில் போட்டது உண்மை. அதற்கு அவள் கட்டைவிரல் போட்டதும் உண்மை. ரசித்தாள் என்றல்லவா நினைத்தேன்?

டாக்டரிடம் ஓடினோம். அன்று பிற்பகல் முழுக்க ஜோயலைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். நான் வராந்தாவில் நின்றேன். ஜெபம் சொல்லப் பார்த்தேன். பாதியில் வார்த்தை மறந்து போயிற்று. வெயில் தாழும்போது கண்ணைத் திறந்து ஒரு கத்து கத்தினான் பாருங்கள்... என் வாழ்க்கையில் ஒரு குழந்தையின் சத்தத்துக்கு நான் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா மகளைத் திட்டவில்லை. தூங்க வைப்பதற்காக மருந்து கொடுக்கவே கூடாது என்று அழுத்திச் சொன்னார். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைகளுக்குக் காது அடைத்துக்கொள்ளும், வலிக்கும். எதையாவது குடித்து விழுங்கிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் குறையும் என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் மெயின்டெனன்ஸ் பார்த்தவன் நான். கம்ப்ரெஸர், வால்வு, பிரஷர் — இவைதான் என் சோறு. மெஷின் கத்தினால் ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, எங்கே கோளாறு என்று கேட்போம். எந்த மெஷினையும் 'வாயை மூடு' என்று நான் சொன்னதில்லை. ஒரு குழந்தை கத்தினால் மட்டும் எனக்கு ஏன் அந்தக் கேள்வியே வரவில்லை?

மறுநாள் அனிதா அமைதியாகச் சொன்னாள். "இவனுக்கு அஞ்சு வயசு ஆகட்டும்ப்பா, அப்புறம் வர்றோம். அதுவரைக்கும் முடிஞ்சா நீங்க வாங்க."

நான் போகலாம். ரோஸ்லின் போக முடியாது. அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வீட்டு வாசல்படி மூன்றையும் இறங்கவே என் கை வேண்டும். ஆக, இந்தப் பேரனை அவள் இனிமேல் இரண்டரை வருஷம் போனில்தான் பார்ப்பாள். என் ஒரு கட்டுரையால்.

ரோஸ்லின் சாப்பாடு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை.

சனிக்கிழமை என் பாவத்தைச் சொல்ல மாதா கோயிலுக்கு, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் ஃபாதருக்கு என் வயதில் பாதிகூட ஆகவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுதினது ஊருக்கெல்லாம்... மன்னிப்பு மட்டும் எங்கிட்டயா?" என்றார். இந்த வாரக் கட்டுரை அங்கே முடிவானது. ஆனால் எழுதினால் மட்டும் போதுமா? வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னேன்: திரும்பிப் போகும்போது நானும் வருகிறேன். மருந்து கிடையாது. அழுதால் அழட்டும். திட்டுகிறவர்கள் முதலில் என்னைத் திட்டட்டும்.

"உங்களால முடியாதுப்பா" என்றாள்.

"டிக்கெட் போடு" என்றேன்.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் நான் எழுந்து நின்றேன். ஆங்கிலத்தில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை, எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இந்தியில் ஒரு தடவை சொன்னேன்: இவன் என் பேரன், இரண்டரை வயது, அழக்கூடும், யாருக்காவது கஷ்டமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், இவன் அம்மாவிடம் வேண்டாம். அனிதா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "அப்பா... மானம் போவுது, உக்காருங்க." ஒருவர் சிரித்தார். பலர் போனைப் பார்த்தார்கள்.

ஏறும்போதே அழ ஆரம்பித்தான். என்னிடம் ஆயுதம் தயாராக இருந்தது. காலையில் ரோஸ்லின் பிழிந்து கொடுத்த மாம்பழச் சாறு. ஸ்ட்ரா வைத்த பாட்டிலில் ஊற்றி, ஒழுகக் கூடாதே என்று மெயின்டெனன்ஸ்காரன் புத்தியில் மூடியை இறுக்கு இறுக்கென்று இறுக்கியிருந்தேன். பாட்டிலை நீட்டினேன், தட்டிவிட்டான். மறுபடி நீட்டினேன்; என்னையே தட்டிவிட்டான். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

விமானம் மேலே போய் நிதானத்துக்கு வந்ததும் இன்னொரு முயற்சி. ஸ்ட்ரா மூடியைத் தட்டித் திறந்தேன்.

பீச்சியடித்தது.

காரணம் உங்களுக்குப் புரிகிறதா? தரையில் இறுக்கி மூடிய பாட்டிலுக்குள் தரையின் அழுத்தம். மேலே கேபினில் அழுத்தம் குறைவு. திறந்தால் உள்ளே இருக்கும் காற்று சாற்றைத் தள்ளிக்கொண்டுதான் வரும். முப்பத்திரண்டு வருஷம் பிரஷர் லைனைத் திறப்பதற்கு முன் காற்றை இறக்கிவிடச் சொல்லி எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! மாம்பழச் சாறு சீட்டுக்கு மேலே வளைந்து போய், அந்த வெள்ளைச் சட்டைக் காலரில் மஞ்சளாக இறங்கியது.

ஒரு விநாடி எல்லாச் சத்தமும் நின்றது. அப்புறம் ஜோயல் சிரித்தான். "தாத்தா... இன்னொருவாட்டி" என்றான்.

அவர் எழுந்து நின்றார். பின்கழுத்தைத் தொட்டு விரலைப் பார்த்தார். அனிதா முகம் வெளுத்துவிட்டது. நானும் எழுந்தேன். தெரிந்த கன்னடத்தையெல்லாம் கூட்டி மன்னிப்புக் கேட்டேன். சட்டையைத் துவைக்கிற செலவு என்னுடையது என்றேன்.

அவர் குழந்தையைப் பார்த்தார். "மகு நக்தா இதெயல்ல சார், அஷ்டு சாக்கு" என்றார். குழந்தை சிரிக்குதே, அது போதும் என்றார், அந்த வெள்ளைச் சட்டைக்காரர். டெல்லி விமானத்தில் எனக்கு வராத வார்த்தை.

இத்தோடு சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் இறங்கும்போது மறுபடி ஆரம்பித்தான். முன்னைவிடப் பலமாக. இந்த முறை நான் சத்தத்தைக் கேட்கவில்லை, அவன் கையைப் பார்த்தேன். வலது காதையே இழுத்துக்கொண்டிருந்தான். "காதும்மா" என்றேன். அனிதா மீதிச் சாற்றை ஒவ்வொரு வாயாகக் கொடுத்தாள். முன்வரிசைக்காரர் திரும்பி, கன்னத்தை உப்ப வைத்து, வாயை ஆவென்று திறந்து காட்டினார். ஜோயல் வாயைப் பிளந்து பார்த்தான். பத்து விநாடி அமைதி. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். சக்கரம் தரையைத் தொடும்வரை அழுதான். யாரும் எழுந்து கழிவறைப் பக்கம் போகவில்லை.

புனேயில் பெட்டி வருவதற்காக நின்றபோது அனிதா போனை எடுத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு மூணு டிக்கெட் போடட்டுமாப்பா?"

"நாலு போடு" என்றேன். "நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அங்கேயே நின்று ரோஸ்லினுக்குப் போன் செய்து, சாறு பீச்சியடித்ததிலிருந்து டிக்கெட் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். "சட்டையில கறை போச்சான்னு அவரைக் கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. அவர் அதற்குள் போய்விட்டிருந்தார்.

டெல்லி விமானத்தில் நின்றுகொண்டே வந்த அந்தத் தாய்க்குத் தமிழ் தெரிந்திருக்காது. இதைப் படிக்கப் போவதில்லை. அவர் முகம்கூட எனக்கு நினைவில்லை. அவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன், ஒரு தடவையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அந்தக் கடன் அப்படியேதான் இருக்கிறது. பெட்டிகளோடு அனுப்பும் யோசனையை மட்டும் இத்துடன் வாபஸ் வாங்குகிறேன். அதற்குச் சிரித்த வாசகர்கள் என்னோடு சேர்ந்து வருத்தப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

டிசம்பரில் உங்கள் விமானத்தில் ஒரு குழந்தை அழுது, யாரையாவது திட்டியே ஆக வேண்டும் போலிருந்தால்... 14-பியில் ஒரு கிழவர் இருப்பார், அவரிடம் வாருங்கள்.