மேல் போர்டு, கீழ் போர்டு

எண்பதுகளின் நடுவில் பொம்மிடிக்கு அருகே ஒரு நூற்பாலையில் மின்பொறியாளராக இருந்தேன். ஆலைக்குக் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு கொட்டகைகள், இரண்டிலும் பஞ்சுக் கிடங்கு. ஒவ்வொன்றிலும் ஒரு டெலிபோன் போர்டு, அதற்கு ஓர் ஆள். இரண்டையும் அலுவலக அறையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே ஆபரேட்டர் பார்த்துக்கொள்ளும்படி செய்யச் சொன்னார் மேலாளர்.

மேலே இருந்த போர்டில் ‘மேல்’, கீழே இருந்ததில் ‘கீழ்’ என்று சீட்டு ஒட்டினேன். போன்கள் அதிகமுள்ள கிழக்குக் கொட்டகைக்கு மேல் போர்டு என்பது என் திட்டம். ஆபரேட்டர் அம்மாவுக்கும் அப்படியே அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

ஒயர்களை இணைத்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒயர்மேன். “மேல்னு போட்டிருக்கறது மேக்கால கொட்டாய்க்குத்தானுங்க சார்?” என்று கேட்டார். நான் வரைபடத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. “அதான் எழுதியிருக்கில்ல, பாத்து செய்யுங்க” என்றேன். மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. எனக்குத் தெரியாததல்ல. அவர் கேட்டதைக் காதில் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

இணைத்தபின் சோதித்தோம். விளக்கு எரிந்தது, மணி அடித்தது. எந்த விளக்கு எந்தக் கொட்டகை என்று நான் பார்க்கவில்லை.

போர்டு ஓடத் தொடங்கிய முதல் நாள் மதியமே, கிழக்குக் கொட்டகையின் பஞ்சுக் கிடங்கில் தீ. “குடோன்ல பொகையுதுங்க, ஆளுங்கள அனுப்புங்க” என்று போன் வந்தது. எரிந்தது கீழ் போர்டு விளக்கு. அந்த அம்மா அட்டையைப் பார்த்து மேற்குக்கு ஆட்களை அனுப்பிவிட்டார். அவர்கள் திரும்பி ஓடுவதற்குள் பாதிப் பஞ்சு கருகிப்போனது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

மறுநாள் மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஒயர்மேன் என்னைப் பார்த்தார். தான் கேட்டதை நானே சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தார். “நான் அட்டையில தெளிவா எழுதிக் கொடுத்திருக்கேன் சார்” என்றேன். அது பொய்யில்லை. அதனால்தான் அத்தனை சுலபமாக வாயில் வந்தது.

“நீ என்னய்யா சொல்ற?” என்றார் மேலாளர்.

“சார் சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்.”

அது மரியாதையா குத்தலா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அன்று மாலையே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் போனபின் என் சீட்டுகளைக் கிழித்துவிட்டு ‘கிழக்கு’, ‘மேற்கு’ என்று எழுதி ஒட்டி, ஒயர்களையும் மாற்றினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து காரிமங்கலம் சந்தையில் அவரைப் பார்த்தேன். லாரியில் மாங்காய்க் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார். “நல்லா இருக்கீங்களா சார்? போர்டு ஓடுதுங்களா?” என்றார். ஓடுகிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அன்று அந்த அறையில் ‘என் தப்பு சார்’ என்று சொல்லியிருந்தால் நான் ஒரு திட்டு வாங்கியிருப்பேன், அவருக்கு வேலை இருந்திருக்கும். அந்த ஒரு திட்டுக்குப் பயந்தவன் நான் என்பதை இத்தனை வருடம் தெரிந்தே வாழ்ந்து வருகிறேன்.