எவாந்தியா டீச்சரும் சொல்லாமல் சொன்னவனும்

காபிக்கடை ரிமோட் எவாந்தியா டீச்சர் கையில்தான் இருக்கும். டிவியில் எந்த அரசியல்வாதி பேச ஆரம்பித்தாலும் சத்தத்தை அணைத்துவிடுவார். "இப்ப மூணு கேள்வி அடுக்குவான். மூணாவதுக்குக் கையைத் தூக்குவான், பாருங்க." திரையில் கை உயரும். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

கிரீஸ் நாட்டின் பாத்ராஸ் நகரப் பள்ளியில் பழைய கிரேக்கம் கற்பிக்கிறார். அந்தக் காலத்து ஏதென்ஸில் வழக்காடியவர்கள் கேட்பவர் மனதை எப்படித் திருப்பினார்கள் என்று வரிவரியாகப் பிரித்துக் காட்டுவார். பஸ் நிறுத்தத்து விளம்பரத்தோடும் சண்டை போடுவார்: "பத்துல ஒன்பது டாக்டர் சொல்றாங்களாம். அந்தப் பத்தாவது ஆளை ஏன்யா பேச விடல?"

செப்டம்பரில் அவருடைய பழைய மாணவன் ஸ்ட்ராதிஸ் மேயர் தேர்தலுக்கு நின்றான். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாந்தி வந்திருந்த சமயம். வைரஸ்தான் காரணம் என்று ஆஸ்பத்திரி ஏற்கெனவே அறிவித்துவிட்டது. ஆனாலும் உள்ளூர்ச் சானலில் அவன் சொன்னான்: "ஸ்கூலுக்கு ரொட்டி எங்கேருந்து வருதுன்னு நான் சொல்ல மாட்டேன். கடைக்காரர் அல்பேனியாக்காரர்ங்கறதையும் பெரிசுபடுத்த மாட்டேன்."

மறுநாள், பள்ளிக்கு ரொட்டி கொடுக்கும் ஆர்பெனின் கடையில் ஆளே இல்லை. கதவில் யாரோ கெட்ட வார்த்தை எழுதியிருந்தார்கள்.

அங்கே இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு காபிக்கடைக்கு வந்த டீச்சர் அவற்றை மேசையில் வைத்தார். "சொல்லலைன்னு சொல்லிக்கிட்டே குத்தறது. நான் நடத்தின பாடம்தான் இது. ஏமாறாம இருக்கத்தான் சொல்லிக்குடுத்தேன். பாவி, அதை வெச்சே ஊரை ஏமாத்தறான்."

சானலுக்குப் போன் மேல் போன் போட்டு ஸ்ட்ராதிஸ் பேசும் நேரலை விவாதத்தில் இடம் வாங்கினார். ஆர்பெனையும் கூட்டிப்போனார். ஆனால் சானல்காரர்கள் ஆர்பெனை அரங்கில் ஏற்றவில்லை. காமிராவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். நாங்கள் காபிக்கடையில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டீச்சர் கேட்டார்: "ஆஸ்பத்திரி என்ன சொல்லுச்சு, ஸ்ட்ராதிஸ்? அதை மட்டும் சொல்லு."

அவன் பணிவாகச் சிரித்தான். "டீச்சருக்கு வயசாயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்."

நிகழ்ச்சி நடத்துபவரும் சேர்ந்து சிரித்தார். "சரி, விளம்பரத்துக்கு அப்புறம் தொடரலாம்."

"யாரைப் பத்திப் பேசறீங்களோ அவர் இங்கதான் இருக்காரு. ஒருத்தராவது அவரைக் கேட்டீங்களா?"

விளம்பரம் வருவதற்குள் டீச்சர் எழுந்தார். சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றிக்கொண்டு காமிராவைத் தாண்டி நடந்தார். காமிராக்காரர் ஒரு கணம் தயங்கி, அவர் பின்னாலேயே காமிராவைத் திருப்பினார். ஸ்டூலில் இருந்தபடி ஆர்பென் திருதிருவென விழித்தார். டீச்சர் குனிந்து அவருடைய சட்டைக் காலரை நீவிச் சரிசெய்து, அதில் மைக்கைக் குத்தினார்.