கலாவதியின் தராசு

நான் கோபக்காரன். அதிலும் பாலில் தண்ணி ஊத்துறவனைக் கண்டா பத்திக்கிட்டு வரும். எங்கப்பா பொள்ளாச்சியில் முப்பது வருஷம் பால் ஊத்தினார், ஒரு சொட்டு தண்ணி கலந்ததில்லை. அந்தக் கொழுப்பில்தான் கலாவதியோட வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

கலாவதி எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கல்யாணம், விசா, பிள்ளைகள்னு பதினெட்டு வருஷம் எடிசன் ஊரில் வீட்டுக்குள்ளேயே ஓடிப்போச்சு. க்ரீன் கார்டு வந்தப்புறம், நாப்பத்தேழு வயசில், பிரிட்ஜ்வாட்டர் பக்கம் எங்க லேபில் சேர்ந்தாங்க. ஆறு மாச ட்ரயல். கார் ஓட்டுவாங்க, ஆனா வண்டிங்க பறக்கிற 287 ஃப்ரீவே பக்கமே போக மாட்டாங்க. இருபது நிமிஷ தூரத்துக்குத் தெருத்தெருவா சுத்தி ஐம்பது நிமிஷம் வருவாங்க.

செயற்கை இடுப்பு மூட்டை மெஷினில் நடக்கவிட்டு, எவ்வளவு தேயுதுன்னு பாக்கிறதுதான் எங்க வேலை. ஆறு தொட்டி, ஆறு மூட்டு. உடம்புக்குள்ளே மூட்டைச் சுத்தி புரதம் கலந்த நீர் இருக்குமில்ல, அதுக்குப் பதிலா கன்னுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சீரம். அஞ்சு லட்சம் தப்படி நடந்ததும் நிறுத்தி, மூட்டில் இருக்கிற பிளாஸ்டிக் கப்பை எடை போடணும். எடை குறைஞ்ச அளவு தேய்மானம். எடை போடுறது கலாவதி. நட்டு போல்ட் முடுக்குறது நான், மயில்சாமி.

மகளோட கிராஜுவேஷனுக்கு அஞ்சு நாள் டெக்சாஸ் போனாங்க. "மெஷின் சூட்டில் தொட்டி வத்தும்ணா. காய்ச்சி வடிச்ச தண்ணியை மட்டும் ஊத்துங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. எனக்குத்தான் மனசு கேக்கலை. நல்ல சரக்கில் எவனாவது தண்ணி கலப்பானா? தினமும் சீரத்தையே ஊத்தினேன். பெரிய புண்ணியம் பண்ணினதா நினைப்பு வேற!

திரும்பி வந்து எடை போட்டாங்க. தேய்மானம் பாதியாக் குறைஞ்சிருந்தது. மேனேஜர் டெனிஸுக்கு ஒரே குஷி. "நாங்க எதிர்பார்த்தது இதைத்தான். அப்போ நீ இதுக்கு முன்னாடி போட்ட நாலு எடையும் தப்பா?"ன்னு கேட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமை ட்ரயல் முடியுது.

பாவம், மறுபடி மறுபடி எடை போட்டுப் பார்த்தாங்க. அதே கணக்குதான். டப்பாவில் புளியோதரை அப்படியே இருந்தது. "பதினெட்டு வருஷமா தராசைத் தொடாத கைண்ணா. நடுங்கிப்போச்சோ?"ன்னு கேட்டாங்க. சாப்பிடுங்கம்மான்னு டப்பாவைத் தள்ளி வெச்சேன். ஆனா என் தப்புன்னு உறைக்கவே இல்லை.

ஒவ்வொரு எடைக்கும் தொட்டியிலிருந்து வடிச்ச பழைய சீரத்தை எல்லாம் அம்மிணி ஃப்ரீசரில் எடுத்து வெச்சிருந்தாங்க. வியாழக்கிழமை அதில் புரதத்தை அளந்தாங்க. முதல் நாலு தடவையும் லிட்டருக்கு இருபது கிராம். கடைசியில் முப்பது. நேரா என் டேபிளுக்கு ஓடி வந்தாங்க.

"அண்ணா, என்ன ஊத்தினீங்க?"

"சீரந்தான். தண்ணியையா ஊத்துவேன்?"

"ஐயோ! ரசம் வத்தினா தண்ணிதானே போகும், உப்பு போகுமா? மேலே ரசத்தையே ஊத்தினா கரிக்காதா? புரதம் கூடிப்போய், மூட்டு வழுக்கி, தேய்மானத்தைக் குறைச்சுக் காட்டியிருக்குண்ணா!"

அடக் கருமமே! திட்டட்டும்னு தலையைக் குனிஞ்சேன். அவங்க ஸ்டூலில் உக்காந்து சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே அழுதாங்க. "அப்போ என் கை சரியாத்தாண்ணா இருந்திருக்கு."

நானே டெனிஸ்கிட்ட போய் ஒத்துக்கிட்டேன். வாங்கிக் கட்டிக்கிட்டதை எல்லாம் இங்கே எழுத முடியாது. அந்தக் கடைசி அளவைத் தூக்கிப்போட்டாங்க; முதல் நாலும் நின்னுச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் கலாவதிக்கு வேலை நிரந்தரமாச்சு. அப்பாடான்னு மூச்சு விட்டது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான்.

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பினாங்க. அஞ்சு இருபத்திரண்டுக்கு போன் வந்தது.

"அண்ணா, வீட்டுக்கு வந்துட்டேன்."

"அதுக்குள்ளேயா? எப்படிம்மா?"

"287-ல வந்தேன்."