சாந்தினியின் முதல் தோட்டாக்கள்

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மாசி என்னும் புறநகரில் மழை பெய்கிறது. நான் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் வீட்டில், கார் வெளியே நனைய, அதன் கொட்டகையில் நண்பர் குகனின் மனைவி சாந்தினி தம் முதல் தோட்டாக்களைச் செய்துகொண்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தவர், மருந்தகத்தில் பணி. வேட்டைப் பிரியரான கணவர் சுட்டுத் தீர்த்த பித்தளைக் கூடுகளைத் துலக்கி, மரத்தட்டின் குழிகளில் நிறுத்தியிருக்கிறார். சிறு தராசில் வெடிமருந்தை நிறுத்து, ஒவ்வொரு கூட்டிலும் சொரிகிறார். மேசையில் ஒரு துகளும் சிந்தவில்லை.

"வேலையிலயும் மருந்து, வீட்டுலயும் மருந்தாம்மா?" என்கிறேன்.

சிரித்துவிடுகிறார். அந்தச் சிரிப்பில் கை நின்றுபோகிறது.

"ஐயோ, இதுக்குள்ள மருந்து போட்டனானோ?"

"எட்டிப் பார்த்தாத் தெரியுந்தானே," என்கிறார் குகன்.

"வேற எதுக்குள்ளயும் ரெண்டு தரம் விழுந்திருந்தால்? நாளைக்குத் துவக்கை முகத்தோட வைச்சுச் சுடப்போறது நீங்களப்பா."

அளவு மிகுந்தால் துப்பாக்கியே வெடித்துவிடும் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. சாந்தினி எல்லாக் கூடுகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, மருந்தைப் புட்டிக்கே திருப்புகிறார். முகத்தில் சலிப்பின் சாயலும் இல்லை. நான் வருத்தம் தெரிவிக்கிறேன்.

"பரவாயில்லை அண்ணா. இது முடியுமட்டும் ஒண்டும் கதையாதேங்கோ."

"என்ர முகத்துக்காகவும்," என்கிறார் குகன்.

முதற்கூட்டிலிருந்து சாந்தினி மீண்டும் தொடங்குகிறார். நாங்கள் இருவரும் கைகட்டி நிற்கிறோம். எந்த இசையரங்கிலும் நான் இவ்வளவு பணிவோடு வாய்மூடி இருந்ததில்லை.