ஒன்பது மணி நேரம் ஓடுமா?

"பையனுக்கா?" என்றுதான் எல்லாக் கடையிலும் கேட்டார்கள். மராத்தியில் கேட்டார்கள், இந்தியில் கேட்டார்கள், ஊர்க்கோடி ஹடப்சரில் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார். விமானம் ஓட்டும் கேமுக்கு ஏற்ற கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஒரு நரைத்த மீசைக்காரர் வந்து நிற்கிறார். முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி பின்னால் நிற்கிறாள். அவர்கள்தான் வேறு எப்படிக் கேட்பார்கள்? ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஒரு கடையில், "ஆமாம், பையனுக்குத்தான்" என்று இந்தியில் சொன்னேன். வயது என்ன என்றான். "அறுபத்தொன்று" என்றேன். கடைக்காரன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் கூச்சமே இல்லாமல் சிரித்தார்.

எங்களுக்கு ஒரே பெண். கல்யாணமாகி ஜெர்மனியில் இருக்கிறாள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்ததும் நாங்கள் இருவரும் போவதாகத்தான் ஏற்பாடு. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். மகளால் தாய் வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய் வீடுதான் கிளம்பிப் போக வேண்டும். இரண்டு டிக்கெட்டுக்கும் பணம் எடுத்து வைத்தாயிற்று. அவர் தனக்கென்று ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டார்.

மும்பையிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி, கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எங்கள் வீட்டுக்கு மேலே விமானப்படை விமானங்கள் அடிக்கடி போகும். எனக்கு அது இரைச்சல். அவருக்கு அப்படியில்லை. சாப்பாட்டுத் தட்டில் கை வைத்திருந்தாலும் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வருவார். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை முறை குழம்பு ஆறியிருக்கும் என்று கணக்கில்லை. ஆனால் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. ஊருக்குப் போவதென்றால் எங்களுக்கு ரயில்தான்.

கிளம்புவதற்கு முன் ஒரு தடவை உடம்பைக் காட்டிவிடலாம் என்று போனோம். அவருக்குப் பழைய இருமல் உண்டு. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் கொப்புளம் கொப்புளமாகக் காற்று அடைத்திருக்கிறது, உயரே போனால் அது ஊதி வெடித்துவிடும் என்றார். ரயிலில் போங்கள், பஸ்ஸில் போங்கள், விமானம் மட்டும் கூடாது என்றார். எவ்வளவு நாளைக்கு என்று இவர் கேட்டார். டாக்டர் படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நீ போய்ட்டு வா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு விமானச் சத்தம் கேட்டாலும் வெளியே போகவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். குழம்பு சூடாக இருந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"என் டிக்கெட்டுக்கு வெச்ச பணம் சும்மாதான கீது. அதுல ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கட்டா?"

"இன்னாத்துக்கு?"

"ப்ளேன் ஓட்டுற கேம் ஒண்ணு கீது. நெஜ ப்ளேன் மாதிரியே இருக்குமாம். நீ தனியா போவப்போற. உள்ள இன்னா இன்னா நடக்கும்னு உனக்குக் காட்டறேன். பயம் தெளியும்."

எனக்குப் பயம் என்று யார் சொன்னது? பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் என் பயத்தை எடுத்துத் தன் ஆசைக்குப் போர்வையாகப் போர்த்துகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து இடுப்பொடிந்து, இப்போதுதான் மதியம் கொஞ்சம் கண்ணயர ஆரம்பித்திருந்தேன். அந்த நேரம் பார்த்து இவருக்கு விமானம் ஓட்ட வேண்டும். ஆசை யாரை விட்டது? "வாங்குங்க. ஆனா டிக்கெட்டுப் பணத்துக்கு மேல ஒரு பைசா கெடையாது" என்றேன்.

முதலில் நகரத்துக்குள் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. கணபதிப் பந்தலில்கூட அவ்வளவு விளக்கு இருக்காது. புதிதாக வந்திருக்கும் கேமில் உலகம் முழுவதும் இருக்கிறது, அதற்கு இந்த கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், இவ்வளவு ராம் மெமரி வேண்டும் என்று அந்தப் பையன் அடுக்கிக்கொண்டே போனான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர் ஒன்றுதான் கேட்டார்: நிறுத்தாமல் ஒன்பது மணி நேரம் ஓடுமா? பையன் சிரித்துவிட்டான். ஒன்பது மணி நேரம் யார் சார் விளையாடுவார்கள் என்றான். விலையைக் கேட்டதும் நாங்களும் சிரித்துவிட்டு வெளியே வந்தோம்.

மகள் போனில், "பேசாம லேப்டாப் வாங்குப்பா" என்றாள். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. லேப்டாப் சூடேறிவிடும், ஒன்பது மணி நேரம் தாங்காது என்றார். தினமும் அதே ஒன்பது மணி நேரம். வயதானால் சிலருக்கு ஒரு பேச்சு நாக்கில் ஒட்டிக்கொள்ளும், இதுவும் அப்படித்தான் என்று நான் விட்டுவிட்டேன்.

பிறகு ஹடப்சர். போக ஒரு பஸ், மாறி இன்னொரு பஸ், நடுவில் ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்பது. கம்பெனிகள் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களை அங்கே ஒருவர் மாடியில் குவித்து வைத்திருந்தார். விலை எங்கள் கைக்கு எட்டியது. எனக்கு மனசுக்குள் பெரிய நிம்மதி. இதை வாங்கிக்கொண்டு ஓர் ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். இவர் சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார். ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லி உள்ளே அளந்தார்.

"கார்டு இதுக்குள்ள நொழையாது. பொட்டி ஒல்லி."

"ஒல்லின்னா இன்னா? ஒல்லியாவே ஓட்டுங்களேன்."

"கார்டு இல்லாம ஓட்டுனா படம் திக்கித் திக்கி வரும். வானத்துல போய் திக்கி நின்னா நல்லாவா இருக்கும்?"

வெறுங்கையோடு திரும்பினோம். அன்று இரவு முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி அவரை வாயில் வந்தபடியெல்லாம் பேசினேன். அவர் தைலப் பாட்டிலை வாங்கித் தானே தேய்த்துவிட்டார்.

காசர்வாடியில் பழைய ஹைவே ஓரம், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒருவர் பழைய சாமான்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் கட்டித் தருகிறார் என்று யாரோ சொன்னார்கள். போனோம். ஷட்டர் இறங்கியிருந்தது. அந்த வரிசை முழுவதுமே இறங்கியிருந்தது. அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது, அன்று வியாழக்கிழமை. எங்கள் பக்கத்தில் வியாழன் என்றால் கரண்ட் கம்பி பழுது பார்க்கிற நாள். சில வாரம் தப்பும், பல வாரம் சாயங்காலம் வரை கரண்ட் வராது. இட்லிக்கு அரைப்பதென்றால் புதன்கிழமையே அரைத்துவிடுவேன்.

"இத்தினி வருஷமா இந்த ஊர்ல கீறோம். வியாழக்கெழமைன்னு ஒருத்தருக்கும் தோணல பாருங்க" என்றேன். மூடிய ஷட்டருக்கு முன்னால் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் திரும்பவும் போனபோது அந்த ஆள் இருந்தார். இடுப்பில் வலிக்கு பெல்ட் கட்டியிருந்தார். அவரைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது, அவர் என்னைவிடக் களைப்பாக இருந்தார். புதிய கேமை மறந்துவிடுங்கள், அதே கேமின் பழைய பதிப்பு போதும், அதற்கு இந்தப் பணத்தில் நல்லதாகவே கட்டலாம் என்றார். விரலுக்கேற்ற வீக்கம் என்பதை அவர் மராத்தியில் வேறு மாதிரி சொன்னார். அகலமான பழைய பெட்டி, யாரோ விற்றுவிட்டுப் போன கார்டு, புது டிஸ்க். டிவியையே திரையாக வைத்துக்கொள்ளலாம் என்றார். ஒன்பது மணி நேரம் ஓடுமா என்று இவர் கேட்டார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. கரண்ட் இருக்கிறவரை ஓடும் என்றார்.

எல்லாம் போக மிச்சத்தில் ஒரே ஒரு சாமான் வாங்க இடமிருந்தது. ஒன்று, கரண்ட் போனால் தாங்குகிற பேட்டரிப் பெட்டி. இல்லாவிட்டால் விமானத்தைத் திருப்புகிற கைப்பிடி. இவர் தொழிற்சாலைக்காரர், பாதுகாப்பு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர், பேட்டரியைத்தான் காட்டினார். ஆனால் அவர் கை அந்தக் கைப்பிடி மேல்தான் இருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கைப்பிடிய வாங்குங்க. யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு யாராவது யோசிப்பாங்களா?"

"கரண்ட் போச்சின்னா?"

"போனா வந்துட்டுப் போவுது. வாங்குங்க, நிக்க முடியல என்னால."

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து டிவியில் சீரியல் நின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன். அவர் எங்கள் ஊர் விமான நிலையமான லோஹகாவிலிருந்து கிளம்பி, சுற்றிவிட்டு, லோஹகாவிலேயே இறங்கப் பார்ப்பார். முதல் வாரம் முழுக்க எல்லா விமானமும் வயலில்தான் இறங்கின. "நீங்க எறக்குற அழகுக்கு நா ரயில்லயே போயிக்கிறேன்" என்பேன். மெல்ல மெல்லக் கை பழகியது. ஒவ்வொரு தடவையும் விமானம் மேலே எழும்பியதும் என் பக்கம் திரும்பி, "இப்போ தடால்னு ஒரு சத்தம் வரும். சக்கரம் உள்ள மடங்குது. பயப்படாத" என்பார். சொன்னதையே சொன்னார். எரிச்சலாக இருந்தாலும் கேட்டுக்கொண்டேன்.

நான் கிளம்பும் நாளையும் அவர்தான் குறித்தார். நாள்காட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜெர்மனி வடமேற்கு, வெள்ளி ஞாயிறு மேற்கே சூலம், செவ்வாய் புதன் வடக்கே சூலம் என்று கழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் வியாழக்கிழமை காலை விமானம் என்று முடிவானது. எனக்கும் சரியென்று பட்டது.

அன்று விடியற்காலை டாக்ஸி வந்தது. அவர் மும்பை விமான நிலையம் வரைக்கும் வருவார் என்றுதான் நினைத்திருந்தேன். பெட்டியை ஏற்றிவிட்டு, கதவைச் சாத்தினார்.

"நீங்க ஏறல?"

"எனக்கு வேலை கீது. ஏறினதும் மெசேஜ் போடு."

ஓய்வு பெற்ற மனுஷனுக்கு அப்படி என்ன வேலை? அன்றைக்கு அடைந்த வருத்தத்தை நான் வாழ்க்கையில் சில தடவைதான் அடைந்திருக்கிறேன். ஒரு விளையாட்டுச் சாமான் வந்த பிறகு பெண்டாட்டியை வழியனுப்பக்கூட மனசில்லாமல் போய்விட்டதா? காட் ரோட்டு மலைப்பாதை இறங்கும்வரை மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன். விமானத்தில் உட்கார்ந்து, "ஏறிட்டேன்" என்று ஒரே வார்த்தையை அனுப்பிவிட்டு போனை அணைத்தேன்.

விமானம் ஓடி, மேலே கிளம்பியது. பக்கத்து இருக்கைப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். தடால் என்று ஒரு சத்தம் வந்தது. சக்கரம் மடங்குகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கோபத்தோடேயே தைரியமாக உட்கார்ந்திருந்தேன்.

ஜெர்மனியில் இறங்கி வெளியே வந்தால் மகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றிருந்தாள். கட்டிப்பிடித்து அழுது முடித்து, காரில் உட்கார்ந்த பிறகுதான் போனைத் திறந்தேன். அவர் நாலு தடவை பேசி அனுப்பியிருந்தார். மகள் சத்தமாக வைக்கச் சொன்னாள்.

முதலாவதில், "உன் மெசேஜ் வந்துச்சி. நானும் மும்பையில தான் நிக்கிறேன். எஞ்சின் போட்டுட்டேன். நீ முன்னால போ, நா பின்னாலயே வர்றேன்" என்றார்.

இரண்டாவதில், "கீழ கடல். இன்னிக்கு நல்லா எழும்பிடுச்சி" என்றார். மூச்சு வாங்கியது.

மூன்றாவதில் பின்னணியில் மின்விசிறிச் சத்தமே இல்லை. "கரண்ட் போச்சி. வியாழக்கெழமை. சூலம் பாத்தவன் இத்தப் பாக்கல பாரு. பரவால்ல. நீ போய்கினே இரு."

எனக்கு அந்தக் காசர்வாடிக் கடை ஞாபகம் வந்தது. பேட்டரிப் பெட்டி ஞாபகம் வந்தது. முதல் கடையிலிருந்து அவர் கேட்டுவந்த ஒன்பது மணி நேரம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. மும்பையிலிருந்து என் மகள் வீட்டு ஊருக்கு அவ்வளவு நேரம்தான். என் ஊமைக் கோபத்தை நினைத்து எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது.

நாலாவது, சாயங்காலம் அனுப்பியது. "கரண்ட் வந்துட்டுச்சி. நடுக்கடல்லேர்ந்தே ஆரம்பிக்கலாமாம். அது ஏமாத்து வேலை. மொதல்லேர்ந்து வர்றேன். லேட்டாவும். நீ சாப்ட்டுட்டுப் படு."

வீட்டுக்குப் போய் மகள் சோறு போட்டாள். என் கால் இரண்டும் வீங்கியிருந்தன, கண் எரிந்தது, உடம்பில் வலிக்காத இடமில்லை. எனக்காக ஒரு அறையில் மெத்தை விரித்து, கம்பளி மடித்து, விளக்கையும் தணித்து வைத்திருந்தாள். மாசக் கணக்கில் நான் ஏங்கிய படுக்கை அது.

"வாம்மா, படு. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது."

"நீ போய்ப் படுடி. அப்பா இன்னும் வழியில கீறாரு. எறங்கட்டும், அப்புறம் படுக்கிறேன்" என்றேன்.