கதவணைக்கு இந்தப் பக்கம்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வாய்க்காலின் குறுக்கே கட்டியிருக்கும் புதுக் கதவணை மேல் நிற்கிறேன். கடல் ஏறும் நேரம். உப்புத் தண்ணீர் இரும்புக் கதவுகளில் மோதித் திரும்புகிறது.

இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீரில் விவசாயி செல்வி நிற்கிறார். போன வருஷம்கூடக் கடல் உள்ளே வந்து அவருடைய நாற்றெல்லாம் கருகிப்போனதாம். ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்க்கிறார்.

"எப்படிங்க இருக்கு?"

இன்னொரு கை அள்ளுகிறார். பிறகுதான் சிரிக்கிறார்.

"உப்பே இல்லீங்க! நீங்களும் குடிச்சிப் பாருங்க."

நானும் இறங்கிக் குடிக்கிறேன். சேற்று வாசம் மட்டும்தான்.

செல்வி வயல் பக்கம் திரும்பிக் கணவரைக் கூப்பிடுகிறார். "மாமா! தண்ணி நல்லாருக்கு, மடையத் தெறந்து வுடு!"

செல்வி சிரித்ததைப் பார்த்தபோதே அவர் மடையைத் திறந்துவிட்டார். தண்ணீர் பாதி வயலைத் தாண்டிவிட்டது.