தறியில் தொங்கும் குளுக்கோஸ் டப்பா

எங்கள் தறிக்காலில் போன ஆடியிலிருந்து ஒரு குளுக்கோஸ் டப்பா தொங்குகிறது. தறி வீட்டுக்குள் தின்பண்டமே கூடாது என்று சட்டம் போட்டவன் நான்தான். பட்டில் ஒரு சொட்டு இனிப்பு பட்டால் கறை, பின்னாலேயே எறும்பு. என் மனைவி வெற்றிலையை மென்றுகொண்டு வந்தால்கூடக் கத்துவேன். கத்துவது எனக்குக் கைவந்த கலை.

சர்க்கரை வியாதி வந்து ஆறு வருஷம் ஆகிறது. போன ஆடிக் கிருத்திகைக்குக் குமரகோட்டம் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து தறியில் உட்கார்ந்தேன். விரதம் என்று இட்லியை விட்டேன், மாத்திரையை விடவில்லை. மருந்து விரதத்தில் சேராது என்று ஒரு கணக்கு. முருகனுக்கும் நல்ல பிள்ளை, டாக்டரம்மாவுக்கும் நல்ல பிள்ளை.

பதினோரு மணி இருக்கும். தறிக்குழியில் கால் விட்டு நான் சேலையின் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவி கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போட்டுக்கொண்டிருந்தாள். உடலும் கரையும் சேருகிற கோர்வை தப்பிக்கொண்டே இருந்தது.

"ஒரு நாடா போடத் தெரியாதா உனக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

வழக்கமாகப் பதிலுக்கு ஒன்று வரும். அன்று கையை நீட்டி என் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று வேர்த்திருந்தது. என் விரல்கள் நடுங்குவதை அப்போதுதான் நானே பார்த்தேன்.

"சர்க்கரை இறங்கிடுச்சு" என்று ஓடிப்போய்ச் சர்க்கரையைக் கரைத்து எடுத்து வந்தாள். "சேல மேல சிந்திடும், வெளியில வந்து குடிக்கிறேன்" என்று நான் எழப் பார்த்தேன். அந்த நிலையிலும் எனக்குப் பட்டுதான் பெரிதாகத் தெரிந்தது.

"எழுந்தா குழியிலயே விழுந்துடுவீங்க. இங்கயே குடிங்க. சேல போனா போவுது."

தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு தம்ளரை என் வாயில் வைத்தாள். இரண்டு சொட்டு பட்டில் விழத்தான் செய்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கால் மணி நேரம் கழித்து விரலைக் குத்தி மிஷினில் பார்த்தாள். போதவில்லை. இன்னொரு தம்ளர். மறுபடி பார்த்து, ஏறிய பிறகுதான் இட்லித் தட்டு வந்தது. விரதம் அத்தோடு சரி. அவளுக்கு அவ்வளவு நிதானம். நானாக இருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன்.

சாயங்காலம் கோர்வையைப் பார்த்தேன். தப்பெல்லாம் என் பக்கம். அவள் போட்டதில் ஓர் இழைகூடப் பிசகவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன், அன்று கேட்டேன்.

"அது சர்க்கரை திட்டினது, வுடுங்க" என்றாள், பிரிக்க வேண்டிய இழைகளைத் தேடிக்கொண்டே.

மற்ற நாளெல்லாம் திட்டுவது யார் என்று அவள் கேட்கவில்லை.